பதினோராவது கோரிக்கை

1

இங்கே ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் அழைப்புமணியை அழுத்திவிட்டு இரண்டடி பின்னால் போய் நின்றுகொள்கிறார்கள். மேளம் கிடையாது, தோளில் துண்டு கிடையாது, கும்பிட்ட கையும் கிடையாது. போன சனிக்கிழமை காலை கதவைத் திறந்தபோது ஒரே ஓர் இளைஞர் நின்றார். மேல்கோட்டில் பூவைப்போல மடித்த ரிப்பன், கையில் துண்டுப் பிரசுரக் கட்டு. ஊர் மன்றத்துக்குத் தேர்தல் வருகிறதாம். உழைக்கிற மக்களுக்கென்றே பிறந்தது என்று பேர் வாங்கிய ஒரு கட்சியிலிருந்து வந்திருந்தார்.

அந்த வாரத்தோடு நாங்கள் இந்த ஊருக்கு வந்து மூன்று வருஷம் முடிந்திருந்தது. வட இங்கிலாந்தில், பஞ்சு மில்கள் மூடிக்கிடக்கிற ஒரு மேட்டு ஊர். என் மனைவி ரூத் நர்ஸ்; வேலை கிடைத்தது அவளுக்குத்தான். நானும் மகள் கயலும் அவள் பெட்டிகளோடு வந்து இறங்கிய சாமான்கள். இந்தியாவிலிருந்து வந்தவர்களுக்கு இங்கே குடியிருந்தாலே ஓட்டு உண்டு, குடியுரிமைகூட வேண்டியதில்லை. நம்மை அத்தனை காலம் ஆண்டதற்கு இவர்கள் செய்கிற பரிகாரம் என்பாள் ரூத்.

ஓட்டு சுலபமாகக் கிடைத்துவிட்டது. எனக்கு வேலைதான் இழுத்தடித்தது. வேலை தேடித் தருகிற அலுவலகத்தில் ஒரு படிவம் கொடுத்தார்கள். ‘முந்தைய தொழில்’ என்ற கட்டத்தில், ‘கட்சிக்காகச் சுவரில் எழுதுவது’ என்பதை எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதினேன். மேசைக்குப் பின்னால் இருந்த அம்மா அதை இரண்டு தடவை படித்தார். பிறகு குரலைத் தாழ்த்தி, இந்த நாட்டில் அது குற்றம், வெளியே சொல்லிக்கொள்ள வேண்டாம் என்றார். கொஞ்சம் யோசித்துவிட்டு, நேர்கோடு போட வருமா என்று கேட்டார். வரும் என்றேன். சாலையோரத்தில் வண்டி நிறுத்தக் கூடாது என்பதற்கு மஞ்சள் கோடு போடுகிற கூட்டத்தில் அப்படித்தான் நானும் ஓர் ஆளானேன்.

என் பெயர் மாடசாமி. மேஸ்திரியின் வாயில் அது முழுதாக நுழையவில்லை. பின்பாதியை மட்டும் வைத்துக்கொண்டு ‘சாமி’ என்கிறார். இந்தப் பக்கத்து ஆட்கள் நன்றி சொல்வதற்கு ‘டா’ என்பார்கள். ஆகவே நான் டீக் கோப்பையை நீட்டும்போதெல்லாம் அவர் “டா, சாமி” என்கிறார். முதல் ஆறு மாதம் கோபப்படுவதா, விபூதி கொடுப்பதா என்று தெரியாமல் நின்றிருக்கிறேன்.

ஓட்டுக்கார இளைஞருக்கு வருகிறேன். அவர் கொடுத்த தாளில் பன்னிரண்டு அம்சங்கள் இருந்தன. உலக அமைதியில் தொடங்கியது. அவர் மூன்றாவது அம்சத்தை விளக்கிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு மேவிஸ் தன் வாசலில் வந்து நின்றார். நாற்பது வருஷம் மில்லில் நின்று கால் வீங்கிப்போன கிழவி.

“அதெல்லாம் சரி தம்பி. சாயந்திரம் ஆறு மணிக்கு மேல் மேட்டுக்கு வருகிற பஸ்ஸை நிறுத்திவிட்டார்களே, அது எப்போது வரும்?”

இளைஞர் தாளைத் திருப்பித் தேடினார். “போக்குவரத்து ஒன்பதாவது அம்சத்தில் வருகிறது, மேடம்.”

“அம்சம் வருவது இருக்கட்டும். பஸ் வருமா?”

மேவிஸ் சிரிக்கவில்லை. நான்தான் சிரித்தேன். இளைஞர் என் ஓட்டை நம்பலாமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று கதவைச் சாத்தினேன். பின்னாலேயே கயல் நின்றிருந்தாள். பத்து வயது. மூன்று வருஷத்தில் அவளுடைய தமிழில் வேற்றுமை உருபுகள் ஒவ்வொன்றாகக் கழன்றுகொண்டு வருகின்றன. சில சமயம் தப்பான இடத்தில் வந்து ஒட்டிக்கொள்கின்றன.

“அப்பா, போடியில நீங்க யாருக்கு ஓட்டை போட்டீங்க?”

ஓட்டு என்று சொல்ல வேண்டும், ஓட்டை போடக் கூடாது என்று திருத்தினேன். திருத்தும்போதே தோன்றியது, பிள்ளை சரியாகத்தான் கேட்டிருக்கிறாள்.

2

எங்கள் ஊரான போடியில் இருந்தபோது நான் எழுதாத சுவர் இல்லை. கூலிக்கு எழுதவில்லை, சங்கரலிங்கம் அண்ணனுக்காக எழுதினேன். எங்கள் கட்சியின் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. அது சின்னக் கட்சி. எங்கள் பகுதிக்கு அவர்தான் செயலாளர், எங்களுக்கு அவர்தான் கட்சி.

எழுபதுகளின் தொடக்கத்தில் அவர் மலையில் ஓர் ஏலக்காய் எஸ்டேட்டில் மூட்டை சுமந்துகொண்டிருந்தார். போடியிலிருந்து கருக்கலில் ஜீப்பு ஏறி, கொண்டை ஊசி வளைவுகளில் சுற்றிச் சுற்றிப் போய், நாளெல்லாம் ஈரத்தில் குனிந்து காய் எடுத்துவிட்டு, சாயந்திரம் திரும்புகிற பெண்கள் அன்றும் நூற்றுக்கணக்கில் இருந்தார்கள். என் அக்கா பேச்சியம்மாள் அவர்களில் ஒருத்தி. அவர்கள் எடுத்த காயை நிறுத்துத்தான் கூலி. எஸ்டேட்டுத் தராசில் எவ்வளவு காய் போட்டாலும் முள் தயங்கித் தயங்கித்தான் நகரும்.

ஒருநாள் சங்கரலிங்கம், ஜீப்பு ஸ்டாண்டு எதிரே மளிகைக் கடை வைத்திருந்த காதர் அண்ணனிடம் இரண்டு கிலோ எடைக்கல்லை இரவல் வாங்கி, வேட்டியில் முடிந்துகொண்டு மலை ஏறினார். சாயந்திரம் எடை போடுகிற நேரத்தில் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அந்தக் கல்லைத் தராசில் வைத்தார். ஒன்றே முக்கால் கிலோ காட்டியது. கணக்கப்பிள்ளை கல்லைப் பார்த்தார், முள்ளைப் பார்த்தார், மலையைப் பார்த்தார்.

“கல்லு எளைச்சுப்போச்சா, இல்ல ஒங்க தராசு கொழுத்துப்போச்சா?” என்று கேட்டார் சங்கரலிங்கம்.

முதலில் கூடையைக் கீழே வைத்தவள் என் அக்கா. “தராசு எறங்குறவரைக்கும் நாங்களும் எறங்க மாட்டோம்” என்றாள். அன்றைக்கு ஜீப்புகள் காலியாகவே மலை இறங்கின, வேலையும் நின்றது. ஒன்பதாம் நாள் புதுத் தராசு வந்தது. சங்கரலிங்கத்துக்கு வேலை போனது, பதினைந்து நாள் ஜெயில் கிடைத்தது, அவர் வெளியே வந்தபோது அத்தனை பெண்களும் சங்கத்தில் சேர்ந்திருந்தார்கள். அவர்களில் யாரும் எங்கள் கொள்கை விளக்கத்தைப் படித்தவர்கள் இல்லை. அவர்கள் எல்லோருக்கும் அந்தக் கல் தெரியும்.

அதற்குப் பிறகு கட்சி வளர்ந்தது. பஜாரில் ஓர் அறை வாடகைக்கு வந்தது, அறைக்கு ஓர் உலகப்படம் வந்தது. சங்கரலிங்கம் வெளியூர் வகுப்புகளுக்குப் போய்வந்தார். ஒவ்வொரு தடவையும் இரண்டு புதிய சொற்களோடு திரும்புவார். நல்ல மனிதர். அந்தச் சொற்களை எங்களுக்கும் பங்குபோட்டுக் கொடுப்பார். மலைக்குப் போவதுதான் குறைந்துகொண்டே வந்தது. உலகப்படத்தில் எங்கள் மலை ஒரு நகக்கீறல் அளவுகூட இல்லை.

3

மஞ்சள் கோட்டுக்கு இங்கே வரைபடம் உண்டு. எந்த வீட்டு வாசலில் தொடங்கி எந்தக் கம்பத்தில் முடியவேண்டும், எத்தனை அகலம், எல்லாம் தாளில் இருக்கும். ஒரு சாண் கூடினாலும் மேஸ்திரி சுரண்டி எடுக்கச் சொல்வார். எனக்கு அந்தப் பழக்கம் புதிது. ஊரில் சுவர் எங்கே முடிகிறதோ அங்கேதான் கொள்கையும் முடியும்.

எண்பதுகளின் நடுவில், பல வருஷமாக நடக்காமல் கிடந்த நகராட்சித் தேர்தல் வந்தது. ஜீப்பு ஸ்டாண்டு இருந்த எங்கள் வார்டில் சங்கரலிங்கம் அண்ணன் நிற்பது என்று முடிவானது. கோரிக்கைகளைத் தீர்மானிக்கக் கமிட்டி கூடியது. ஒன்பது ஆண்கள். பத்தாவதாக, பெண்களின் பிரதிநிதியாக என் அக்கா. அவள் மலையிலிருந்து இறங்கி நேராக வந்திருந்தாள். கையில் ஏலக்காய்க் கறை அப்படியே இருந்தது.

முதல் கோரிக்கை அணு ஆயுத ஒழிப்பு. இரண்டாவது ஒரு கண்டத்தின் விடுதலை. மூன்றாவது மத்திய மாநில உறவு. நான்காவதுக்கும் ஐந்தாவதுக்கும் எது முன்னால் என்பதில் ஒரு மணி நேரம் போனது. அக்கா எட்டாவது வரை பொறுத்திருந்தாள்.

“அண்ணே, எங்க சங்கதி ஒண்ணு இருக்கு. கருக்கல்ல ஜீப்பு ஸ்டாண்டுக்கு வர்றோம். ஆளு நெறையிற வரைக்கும் ஒரு மணி நேரம் நிக்கணும். ஏறுனா ரெண்டு மணி நேரம் குலுங்கணும். ஸ்டாண்டுல பொம்பளைக்கு ஒதுங்க எடமில்ல. அதுக்குப் பயந்தே பாதிப் பிள்ளைக தண்ணி குடிக்காம வருதுக. நீர்க்கடுப்பு வராதவ எங்க ஜீப்புல ஒருத்தி இல்ல. ஒரு கக்கூசு வேணும்.”

“நியாயம்தான் பேச்சி. சேத்துக்கிறோம்” என்றார் சங்கரலிங்கம்.

“எத்தனாவதா?”

எல்லோரும் சிரித்தோம். அவள் சிரிக்கவில்லை. ஜீப்புக் கட்டணம் ஒன்பதாவதாகவும், தெருவிளக்கு பத்தாவதாகவும், கக்கூஸ் பதினோராவதாகவும் பதிவானது.

எழுதுவது என் சோலி. ஸ்டாண்டுக்கு எதிரே ஒரு குடோனின் நீண்ட சுவர் எங்களுக்குக் கிடைத்தது. அணு ஆயுதத்துக்கு ஆளுயர எழுத்துப் போட்டேன். கண்டத்தின் விடுதலைக்குச் சிவப்பும் கறுப்புமாக நிழல் கொடுத்தேன். இப்படித் தாராளமாகப் போனதில் ஒன்பதாவதுக்கு வரும்போது எழுத்து முழங்கால் அளவாகிவிட்டது. பத்தாவதோடு சுவர் தீர்ந்தது. மூலை திரும்பினால் சாக்கடைச் சந்து. வேறு வழியில்லாமல் பதினோராவதைச் சந்துக்குள் எழுதினேன்.

மறுநாள் விடியலில் பெண்கள் சுவர் முன்னால் கூடினார்கள். அக்காவுக்கு எழுத்துத் தெரியாது; ஓர் இளம்பெண் ஒவ்வொன்றாக வாசித்தாள். பத்து முடிந்ததும் “அவ்வளவுதான் அக்கா” என்றாள். அக்கா நம்பாமல் மூலையைச் சுற்றிப் போனாள். அங்கே இன்னும் காயாத பெயிண்டைக் காட்டி, அது என்ன என்று கேட்டாள். அந்தப் பெண் வாசித்துச் சொன்னாள்.

“ஆக, நம்ம கோரிக்கையும் நம்மள மாதிரியே சந்துப் பக்கமா ஒதுங்கியிருக்கு” என்றாள் அக்கா.

சிரிப்பில் ஜீப்பு டிரைவர்கள் இறங்கிவந்து என்னவென்று பார்த்தார்கள். பெயிண்டு டப்பாவோடு நின்ற நானும் சிரித்தேன். பெண்கள் சிரித்துத் தீர்த்துவிட்டால் விஷயமும் தீர்ந்தது என்று அப்போது நினைத்திருந்தேன்.

4

தேர்தலுக்கு முன்பு ஒரு பெரிய பொதுக்கூட்டம் என்று மேலிடம் சொன்னது. வெளியூரிலிருந்து பெரிய தலைவர் வருகிறார், பெரிய மைதானம் வேண்டும். ஸ்டாண்டுக்குப் பின்னால் புறம்போக்கு நிலம் இருந்தது. ஆனால் முழுக்கச் சீமைக்கருவேலம் புதர். சனிக்கிழமை நாங்கள் இருபது தோழர்கள் அரிவாளோடு இறங்கினோம். முள் கிழித்த கைகளை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டோம். ஞாயிறு மதியத்துக்குள் தரை பளிச்சென்று ஆகிவிட்டது. நடுவில் கொடிக்கம்பம் நட்டோம். சங்கரலிங்கம் அண்ணன் எங்கள் எல்லோருக்கும் டீ வாங்கிக் கொடுத்தார்.

அன்று சாயந்திரம் கூட்டம் நன்றாகத்தான் நடந்தது. மலைப் பெண்கள் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். தலைவர் கடல்களில் நிற்கும் போர்க்கப்பல்களிலிருந்து தொடங்கினார். உலக நிலைமையிலிருந்து போடி நிலைமைக்கு அவர் வந்து சேருவதற்குள், பக்கத்துக் கிராமங்களுக்குப் போகிற கடைசி பஸ் போய்விட்டது. பெண்கள் எழுந்து, சேலையில் ஒட்டிய கருவேலஞ்செத்தையைத் தட்டிவிட்டு, நடந்தே போனார்கள்.

திங்கட்கிழமை சாயந்திரம் அக்கா என் வீட்டுக்கு வந்தாள். உள்ளே வரவில்லை.

“ஸ்டாண்டுக்குப் பின்னாடி பொதர யாரு வெட்டுனது?”

“நாங்கதான்க்கா. கூட்டத்துக்கு.”

“நீயுமா?”

முள் கிழித்த கையைப் பின்னால் கட்டிக்கொண்டேன்.

“எங்களுக்கு இருந்த ஒரே மறைவு அதுதான் அப்பு. பதினொண்ணாவதா வச்சீங்க, சரி, போகட்டும்னு விட்டோம். இருந்ததையும் வெட்டிப்புட்டீங்களே. இன்னைக்குக் காலையில போய்ப் பாத்தா வெறும் பொட்டலு, நடுவுல ஒங்க கொடி. எல்லாரும் அடக்கிக்கிட்டு ஏறுனோம். அந்தப் புதுப்பொண்ணு இருக்கே, சொவத்துல வாசிச்சதே, அதுக்கு முடியல. ஜீப்புல இருபது பேருக்கு நடுவுல அதுக்குப் போயிருச்சு. மேட்டுல எறக்கிவிட்டோம். ஒரு ஓரமா ஒக்காந்து அழுதுச்சு. நாளையில இருந்து வேலைக்கு வரமாட்டேன்னு சொல்லிருச்சு.”

அவள் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். நான் ஊரில் இருந்தவரை அந்தப் பெண் சொன்னபடியே வேலைக்கு வரவில்லை. என் வீட்டு மாடத்தில் இருந்த அரிவாளை ரூத் எடுத்துக் கட்டிலுக்கடியில் தள்ளினாள்.

5

காதர் அண்ணனின் மனைவி ஜமீலா அக்கா விடியலில் கடைக்கு முன்னால் தண்ணீர் தெளிப்பவர். பெண்கள் பொட்டலின் ஓரத்தில் போய்ப் போய்த் திரும்புவதை இரண்டு நாள் பார்த்தார். அவர் கணவரிடம் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. புதன்கிழமை கடைக்குப் பின்னால், அவர்களுடைய சொந்த முற்றத்தில், தென்னந்தட்டி வைத்து நான்கு மறைப்புகள் எழுந்தன. நாலு குழி, ஒரு டிரம்மில் தண்ணீர், இரண்டு வாளி. போர்டு கிடையாது, திறப்பு விழா கிடையாது. கடை திறக்கும் முன்பே பின்கதவு திறந்திருக்கும்.

மனுத்தாக்கலுக்குக் கடைசி நாளன்று காதர் அண்ணன் சுயேச்சையாக மனுப் போட்டார். தெருக்காரர்கள் தள்ளிவிட்டதுதான். மேடையேறி அவருக்குப் பேச வராது. ஒரே ஒரு தடவை ஏறினார். “எனக்குப் பேசத் தெரியாது. கடை தெரியும்ல? வந்து சொல்லுங்க” என்று இறங்கிவிட்டார்.

எங்கள் கமிட்டி கொதித்தது.

“நாலு தட்டிய வச்சு ஒரு வர்க்கத்தையே வாங்கப் பாக்குறான்” என்றார் சங்கரலிங்கம். எடைக்கல்லை இரவல் கொடுத்த அதே காதரை அவர் அவன் இவன் என்றது அன்றுதான்.

ஒரு முழக்கம் தயாரானது: ‘நான்கு தட்டிகளுக்கு விலைபோகாது நம் வர்க்கம்’. என் வாழ்நாளில் நான் எழுதியவற்றில் அழகான எழுத்து அது. குடோன் சுவரில் பழையதை அழித்து, பத்துக் கோரிக்கைகளும் இருந்த இடத்தில், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை இழுத்தேன். முடிக்கும்போது ஜீப்பிலிருந்து பெண்கள் இறங்கினார்கள். அக்கா நின்று, கூட வந்தவளை வாசிக்கச் சொல்லிக் கேட்டாள்.

“எழுத்து முத்து முத்தா இருக்கு அப்பு. அப்படியே கீழ ஒரு அம்புக்குறியும் போட்டுரு. தட்டி எந்தப் பக்கம்னு புதுசா வர்ற பிள்ளைகளுக்குத் தெரியல. தேடித் திரியுதுக.”

அவர்கள் போன பிறகு இரண்டு பக்கமும் பார்த்தேன். யாருமில்லை. தூரிகையில் கொஞ்சம் சிவப்பு மிச்சமிருந்தது. முழக்கத்துக்குக் கீழே ஓர் அம்புக்குறி போட்டேன். அது நேராகக் காதர் அண்ணன் கடையின் பின்வாசலைக் காட்டியது.

ஓட்டுப்போடுகிற நாளில் அட்டை மறைப்புக்குள் நின்றபோது இரண்டு பெயர்களையும் நன்றாகப் பார்த்தேன். முதல் பெயர் பதினைந்து வருஷம் எனக்கு அண்ணன். அந்த எடைக்கல்லை நினைத்தேன், ஜெயில் வாசலில் மாலையோடு நின்றதை நினைத்தேன். பிறகு மேட்டில் ஓரமாக உட்கார்ந்து அழுத பெண்ணை நினைத்தேன். அவள் அழுது நான் பார்த்ததில்லை, அக்கா சொல்லக் கேட்டதுதான். முத்திரையை இரண்டாவது பெயரில் குத்தினேன். தாளை மடித்துப் பெட்டியில் போட்டுவிட்டு வெளியே வந்தேன்.

காதர் அண்ணன் ஜெயித்தார். வித்தியாசம் கொஞ்சம்தான். சங்கரலிங்கம் அவர் கையைக் குலுக்கிவிட்டு என்னோடு வீடு வரை நடந்து வந்தார்.

“பஜார்க்காரங்க மொத்தமா அங்க போட்டுட்டாங்க அப்பு. நம்ம ஆளுக மாற மாட்டாங்க. எனக்குத் தெரியும்” என்றார்.

வழி முழுவதும் நான் பேசவில்லை. அவர் அதைச் சோகம் என்று எடுத்துக்கொண்டதாக நினைத்தேன்.

6

இங்கே வருவதற்கு ஒரு மாதம் முன்பு, பாஸ்போர்ட்டுக்கு நான் இன்னார்தான் என்று யார் யாரிடமோ கையெழுத்து வாங்கி அலைந்துகொண்டிருந்தேன். நான் யார் என்று இத்தனை பேர் சத்தியம் செய்கிறார்களே, உண்மை தெரிய வேண்டிய ஒருவருக்கு இன்னும் தெரியாதே என்று தோன்றியது. ஒரு ஞாயிறு காலை சங்கரலிங்கம் அண்ணன் வீட்டுக்குப் போனேன். மிச்சமான தேர்தல் நோட்டீசுகளைத் திருப்பிப்போட்டு மகளின் பள்ளிப் புத்தகங்களுக்கு அட்டை போட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணே, அந்த எலெக்சன்ல நான் ஒங்களுக்குப் போடல.”

அவர் நிமிரவில்லை. ஒரு மடிப்பை நகத்தால் அழுத்தித் தேய்த்தார்.

“அம்புக்குறி போட்டவன் யாருன்னு எனக்குத் தெரியாதாக்கும். வால வளைச்சு அப்படி அம்பு போட போடியில ஒன்ன விட்டா யாரு இருக்கா?”

“கோவம் இல்லையா?”

“இருந்துச்சு, ஒரு மாசம். பெறகு ஒருநா வீட்ல கேட்டேன், நீ யாருக்குப் போட்டேன்னு. சோறு போட்டுக்கிட்டே காதருக்குன்னு சொன்னா. கரண்டி கையில இருக்கவகிட்ட நான் என்ன தர்க்கம் பண்ண?”

“நீங்க யாருக்குப் போட்டீங்க?”

“நான் எனக்குத்தான் போட்டேன். பழக்கதோசம்.”

இரண்டு பேரும் சிரித்தோம். சிரிப்பு அடங்கியதும் அவர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

“ஆனா ஒண்ணுடா. இவ்வளவு மனக்குறை இருக்குன்னு எங்கிட்ட யாராவது முன்னாடியே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல?”

“அக்கா சொன்னாளே அண்ணே. கமிட்டியில. எத்தனாவதான்னு கேட்டா. எல்லாரும் சிரிச்சோம்.”

அவர் வெட்டிய நோட்டீசை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

“நானும் சிரிச்சேனா?”

“நீங்கதான் மொதல்ல சிரிச்சீங்க.”

கத்தரிக்கோலை எடுத்து, அடுத்த புத்தகத்துக்கு நோட்டீசை வெட்டத் தொடங்கினார். கோணலாக வெட்டினார். நான் வாங்கி நேராக்கிக் கொடுத்தேன். காப்பி வந்தது. கிளம்பும்போது வாசல் வரை வந்து, “அங்க போய் ஸ்வெட்டர் போட்டுக்க” என்று மட்டும் சொன்னார்.

7

கயல் விடவில்லை. இந்தக் கதையைப் பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் சொல்லி முடித்தபோது, அப்புறம் அந்த அத்தைக்கு டாய்லெட் கிடைத்ததா என்று கேட்டாள். அலமாரியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்துக் கொடுத்து, நீயே வாசி என்றேன். இந்தக் குளிர்காலத்தில் வந்த கடிதம். அக்கா சொல்லச் சொல்ல ஜமீலா அக்கா எழுதியது. ஜமீலா அக்காவுக்குக் கேட்டதை அப்படியே எழுதுகிற பழக்கம் கிடையாது. நடுநடுவே அடைப்புக்குறி போட்டுத் தன் கருத்தையும் சேர்த்துவிடுவார். கயல் ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டி வாசித்தாள். ‘ழ’ வந்த இடத்திலெல்லாம் நான் உதவிக்குப் போனேன்.

கடிதத்தில் இருந்தது இதுதான். காதர் அண்ணன் இரண்டு வருஷம் நடையாய் நடந்து, ஸ்டாண்டில் பெண்களுக்கென்று சிமெண்டுக் கட்டடமே கட்ட வைத்துவிட்டார். இனி எதற்கு என்று முற்றத்துத் தட்டிகளைப் பிரித்தாயிற்று. ஆனால் கட்டி முடித்த காண்ட்ராக்டர் கதவைப் பூட்டிச் சாவியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். திறந்துவைக்க ஒரு பெரிய மனிதர் வரவேண்டுமாம். அவருக்கு இந்த வாரம் தோதில்லை, அடுத்த வாரம் நாள் நன்றாக இல்லை. இப்படியே மூன்று மாதம். (இவர் தினமும் கேட்டுக்கொண்டுதான் இருந்தார், இவர்மேல் தப்பில்லை, ஆனாலும் நான் இவரோடு பேசுவதை நிறுத்திவிட்டேன் என்று அடைப்புக்குறிக்குள் ஜமீலா அக்கா.)

கடைசியில் ஒரு விடியலில் ஜீப்பு ஏற வந்த பெண்கள் ஏறவில்லை. நாற்பது பேர் கட்டடத்துக்கு முன்னால் போய் நின்றார்கள். ஜமீலா அக்காவும் தண்ணீர் தெளிக்கிற வாளியோடு போய் நின்றிருக்கிறார். விஷயம் கேள்விப்பட்டு சங்கரலிங்கம் அண்ணன் சைக்கிளில் வந்து இறங்கினார். கொடி கொண்டுவரவில்லை. பெண்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்கள்.

“நான் என்ன செய்யணும் பேச்சி?” என்று கேட்டாராம்.

அக்கா கொஞ்சம் யோசித்துவிட்டு, தன் சோற்றுத் தூக்குவாளியை அவர் கையில் கொடுத்தாள். அடுத்தவளும் கொடுத்தாள். ஒவ்வொருத்தியாக வந்து அவருடைய விரலில், மணிக்கட்டில், முழங்கையில் மாட்டிவிட்டார்கள். இடம் போதாமல் சிலதை சைக்கிள் ஹேண்டில்பாரில் தொங்கவிட்டார்கள். அவர் கோஷம் போடலாமா என்று ஒரு தடவை வாயைத் திறந்திருக்கிறார். முஷ்டியை உயர்த்தினால் சோறு கொட்டும். பேசாமல் நின்றுவிட்டார்.

பூட்டை உடைத்தது யார் என்று எழுத வேண்டாம் என்கிறாள் பேச்சி (பேச்சிதான்).

கயல் அந்த அடைப்புக்குறியை இரண்டு தடவை வாசித்துச் சிரித்தாள். பிறகு மிச்சத்தை வாசித்தாள். நாற்பது பெண்களும் வரிசையில் நின்று, அவசரமில்லாமல் போய்வந்தார்கள். டிரைவர்கள் ஆரன் அடித்துப் பார்த்தார்கள், யாரும் திரும்பவில்லை. பழைய புதுப்பொண்ணும் அன்று வரிசையில் இருந்தாள், வேலைக்குத் திரும்பி ஒரு வாரமாகியிருந்தது. வெயில் ஏறும்வரை சங்கரலிங்கம் அண்ணன் அத்தனை தூக்குவாளிகளோடும் அசையாமல் நின்றார். கை மரத்துப்போய் விரல்கள் கன்றிவிட்டன. கடைசியாக வெளியே வந்தவள் அக்கா. முகத்தைக் கழுவியிருந்தாள்.

“எலெக்சன்ல நின்னதெல்லாம் ஒரு நிப்பா அண்ணே? இன்னைக்குத்தான் நின்னீங்க.”

“அப்ப அடுத்த எலெக்சனுக்கு…” என்று அவர் ஆரம்பித்தாராம்.

“அதப் பேச இப்ப நேரமில்ல. வாளியக் குடுங்க, வெரசா. ஜீப்பு கெளம்புது.”